ஒன்பதாம் கட்டையின் இரண்டு கருப்பையா

விலாசம் சரியில்லாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று, தபால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப் போவது வேறு. பெயரும் ஊரும் சரியாக எழுதியிருந்த ஒரு கடிதத்தை, அந்தப் பெயருள்ள ஆளிடமே கொடுத்து, கைநாட்டும் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டகலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து மலை ஏறும் கிளை ரோடு ஒன்றில் ஒன்பதாவது மைல் கல் நின்றது. அதைச் சுற்றி இருபது வீடுகள். ஒன்பதாம் கட்டை என்பார்கள். ரோட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம், மேலே ஒரு தோட்டம். கீழ்த் தோட்டம் தன் எல்லை ரோட்டோடு சரி என்றது. மேல் தோட்டம் தன் எல்லை மலையில் வெட்டியிருந்த தண்ணீர்க் கானோடு சரி என்றது. கானுக்கும் ரோட்டுக்கும் நடுவே முப்பது தப்படி அகலத்தில் ஒரு துண்டு நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அந்த இருபது வீடும் அதில்தான். நகரசபையும் இல்லை, கிராமசபையும் இல்லை. எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும், அதாவது ஆட்பதிவேட்டிலும், அவர்கள் பெயர் இல்லை.

தோட்டத் துரையோடு முறைத்துக்கொண்டு, வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டை வாங்கியவர்கள், வயசாகிப் பேர் வெட்டப்பட்டு லயத்து வரிசையில் இருந்த ஒற்றைக் காம்பரா வீட்டைக் காலி செய்தவர்கள், கட்டிய புருஷன் செத்ததும் போக்கிடம் இல்லாமல் போன பெண்கள், இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து தகரம் சாத்தினார்கள். ஏன் வந்தாய் என்று அங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்கமாட்டார்கள். தண்ணீருக்கு, மலையூற்றிலிருந்து விழும் ஒரே பீலி. தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் அப்புஹாமி என்ற சிங்களவர். அங்கே முதல் சாவு விழுந்தபோது இரண்டு தோட்டமும் தங்கள் மயானத்தில் புதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. பாடை ரோட்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அப்புஹாமி கடையைச் சாத்திவிட்டு வந்து, கடைக்குப் பின்னால் தான் கிழங்கு போட்டிருந்த இடத்தைக் காட்டி, "இங்க வெட்டு" என்று மட்டும் சொன்னாராம். அன்றையிலிருந்து அது ஓர் ஊர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேறு யாரும் நினைக்கவில்லை.

நான் நாற்பத்தெட்டில் அந்தப் பக்கத்து உப தபாற்கந்தோரில் கடிதம் கொடுக்கிறவனாகச் சேர்ந்தேன். தோட்டத்து ஆட்களின் கடிதமெல்லாம் பையோடு தோட்டத்து ஆபிசுக்குப் போய்விடும். ஒன்பதாம் கட்டைக்கு மட்டும் வீடு வீடாக நான் நடக்க வேண்டும். அங்கே கருப்பையா என்று இரண்டு பேர். ஒருவர் ரோட்டு வேலைக்குக் கல் உடைப்பவர், கல் கருப்பையா. மற்றவர் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் வைத்து முடி வெட்டுபவர், சலூன் கருப்பையா. கல் கருப்பையாவின் தகப்பன் சுப்பையா. சலூன் கருப்பையாவின் தகப்பன் சின்னச்சாமி. இங்கிலீஷில் எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரே முதலெழுத்து, எஸ்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு தோட்டத்துச் சனங்கள் இந்தியர்கள் எனப்பட்டு நாடற்றவர்களாகிவிட்டார்கள். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இத்தனை வருஷம் இந்த நாட்டிலேயே இருந்தேன், இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். மனுப் போட்டவர்கள் விசாரணைக் கடிதத்துக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கடிதம் வந்து, குறித்த நாளில் போய் நிற்காவிட்டால் மனு தள்ளுபடி.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம், காற்றும் மழையுமான ஒரு நாள், அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து வந்த அப்படி ஒரு பதிவுக் கடிதம் என் பையில் இருந்தது. எஸ். கருப்பையா, ஒன்பதாம் கட்டை. சலூன் ரோட்டோரத்தில் இருந்தது. கல் கருப்பையாவின் வீடு கானை ஒட்டி மேலே, வழுக்குப் படி ஏறிப் போக வேண்டும். சலூன் வாசலில் ஒதுங்கி நின்று, "அண்ணே, கச்சேரிக் கடிதம்" என்றேன். அவர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவரும் நாலு வருஷமாகக் காத்திருந்தவர்தானே. விரலை மையில் தோய்த்து அழுத்தினார். பிரித்துப் படித்துச் சொல்லும்படி கேட்டார். "மழை விடட்டும் அண்ணே, நாளைக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். பத்து நாள் படுத்துவிட்டேன். அவர் சந்தியில் யாரிடமோ காட்டி விசாரணைத் தேதியை மட்டும் தெரிந்துகொண்டிருக்கிறார். இங்கிலீஷ் கடிதத்தில் அந்த ஆளுக்குத் தேதிதான் புரிந்ததாம்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலை, ஏழு மணி பஸ் நிற்கும் இடத்தில் சலூன் கருப்பையா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்.

"இன்னிக்குத்தான் தம்பி விசாரண. நுவரெலியாவுல எந்தக் கட்டடம்னு பாத்துச் சொல்லுங்க."

கடிதத்தை வாங்கினேன். முதல் பக்கத்தில் மனுதாரரின் தகப்பன் பெயர் சுப்பையா. மனைவி பெயர் செல்லம்மா. விசாரணை காலை பத்தரை மணி.

அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தேன்.

"அண்ணே, இது உங்களுக்கு வந்ததில்ல. கல் கருப்பையா அண்ணனுக்கு வந்தது. நான் மாத்திக் குடுத்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். அவர் ஏறவில்லை.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு இன்னும் வரலண்ணே."

ஒரு சொல் என்னைத் திட்டியிருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அவன் கல்லுமலைக்குப் போயிருப்பான். நான் கூட்டியாறேன். நீங்க செல்லம்மாகிட்ட சொல்லிக் கடதாசியெல்லாம் எடுத்து வைங்க" என்றார். ஐம்பது வயசு இருக்கும் அவருக்கு. கல்லுமலை ஒன்றரை மைல் ஏற்றம். அந்த வெள்ளைச் சட்டையோடு ஓடினார்.

செல்லம்மாவிடம் நான் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வந்தாள்.

"பத்து நாளா எங்க கடுதாசி அந்த வீட்டுக்குள்ளயா இருந்திச்சி? எம்பிள்ளைங்க வயித்துல அடிச்சிட்டீங்களே தம்பி!"

அவள் அழுதுகொண்டே தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். பழைய பத்துச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அரிசிக் கூப்பன். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேல் தோட்டத்தில் அவருக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்த நாளோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பதாம் கட்டையில் இருந்த வருஷங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கூப்பன்கூட பழைய தோட்டத்து விலாசத்தில்தான்.

அந்த வருஷங்களுக்கு ஆதாரம் ஒரே இடத்தில் இருந்தது. வேலை நீக்க வழக்கு சம்பந்தமாக அவருக்குப் பதிவுக் கடிதங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் எங்கள் கந்தோர்ப் புத்தகத்தில் கைநாட்டு வைத்திருந்தார். விதிப்படி பழைய புத்தகங்களை அழித்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் போஸ்ட்மாஸ்டர் எதையும் எறியாதவர்.

ஓடிப்போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உம்முடைய நிரந்தர நியமனத்துக்குப் பேர் போயிருக்கு, தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"நீர் அங்கை போய்ப் பிழை என்ரதெண்டு சொன்னால் அது எழுத்திலை வரும். பிறகு நான் ஒண்டும் செய்யேலாது."

"புத்தகத்தக் குடுத்தா நான் கொண்டுபோய்க் காட்டிட்டு…"

"அது இந்தக் கந்தோரை விட்டு வெளிக்கிடாது. ஆருக்கு என்ன கடிதம் வந்தது எண்டு காட்ட உமக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை."

அவர் முத்திரை கேட்டு வந்தவரைக் கவனிக்க முன்பக்கம் போனார். புத்தகங்கள் அலுமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். பைக்குள் போட்டுக்கொண்டு போனால் அவருக்குத் தெரியவே தெரியாது. அலுமாரிக் கதவில் கையை வைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கையை எடுத்தேன். ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். களவாகக் கொண்டுபோன புத்தகத்தை எந்த அதிகாரி நம்புவான் என்ற பயம்தான்.

ரோட்டுக்கு வந்தபோது இரண்டு கருப்பையாவும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மேலெல்லாம் கல்தூள், மற்றவர் மேலெல்லாம் சேறு. மணி எட்டரை. அடுத்த பஸ் பதினொன்றுக்கு. அப்புஹாமி ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்து, நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்ற வெறும் லொறியாகப் போன ஒன்றை மறித்தார். டிரைவரிடம் சிங்களத்தில் என்னவோ சத்தம் போட்டார். எனக்குப் புரிந்தது "அபே மினிஸ்ஸு", எங்கள் ஆட்கள், என்ற இரண்டு சொல்தான்.

சலூன் கருப்பையா தன் சட்டையைக் கழற்றினார். "இதப் போட்டுக்க. வெறும் பனியனோட போயி நிக்காத" என்று மற்றவருக்கு மாட்டிவிட்டார். அது தொளதொளவென்று இருந்தது. சேற்றை அப்புஹாமி ஈரத் துணியால் துடைத்துவிட்டார்.

செல்லம்மா எடுத்துக் கொடுத்த கடதாசிகளோடு, லொறியின் பின்னால் நின்றபடி நானும் கல் கருப்பையாவும் போனோம். நானுஓயா ஏற்றத்தில் மூடுபனி. டிரைவர் மாட்டு வண்டி வேகத்தில் ஏற்றினான். ஒரு வளைவில் கல் கருப்பையா கேட்டார்.

"தம்பி, நா இந்தியாவுக்கே போனதில்ல. எங்கப்பன் பொறந்ததே இங்கதான். அங்க போகச் சொன்னா எங்கேன்னு போவேன்?"

கச்சேரிக்குள் நாங்கள் நுழைந்தபோது பத்தே முக்கால் தாண்டிவிட்டது. அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தார்கள். சிப்பந்தி உள்ளே விடவில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். என் காக்கிச் சட்டையைப் பார்த்து அதிகாரி தந்தி என்று நினைத்துக் கையை நீட்டினார்.

சிங்களவர். அவர் இங்கிலீஷில் கேட்டதை ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். நான் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஐயா, இவர் பிந்தினதுக்கு இவர் காரணமில்ல. கடிதத்த வேற ஆளுகிட்ட குடுத்தவன் நான். தகப்பன் பேர் கேக்காம குடுத்துட்டேன். இன்னிக்குக் காலையிலதான் இவருக்கே தெரியும்."

அதிகாரி என் பெயரையும் கந்தோரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பேனா கடதாசியில் கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. நியமனம் போயிற்று என்று நினைத்தேன். பிறகு கல் கருப்பையாவைக் கூப்பிட்டார். பத்துச்சீட்டைப் பார்த்தார்.

"இதற்குப் பிறகு எங்கே இருந்தீர்?"

"ஒம்பதாங் கட்டையிலங்க."

அதிகாரி ஒரு பட்டியலைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். அப்படி ஒரு தோட்டமும் இல்லை, கிராமமும் இல்லை என்றார். இந்தியாவுக்குப் போய் வந்துவிட்டு ஒரு மைல் கல்லின் பெயரைச் சொல்கிறீரா என்று கேட்டார். கல் கருப்பையா தொளதொளத்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அந்த ஊர் இருக்கு" என்றேன் நான்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"ஏழு வருஷமா அங்க கடிதம் குடுக்கிறேன்." முதல் வீட்டிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். பீலியடியில் யார், அதற்கு அடுத்து யார், கானோரத்தில் யார், முதலில் யாரைப் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டார். அதிகாரி என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

நான் முடித்ததும் அவர் கேட்டார். "கந்தோரிலிருந்து ஏதாவது எடுத்து வந்திருக்கிறீரா?"

"இல்லைங்க. இவரு கைநாட்டு வச்ச புத்தகம் அங்க இருக்கு. எழுத்தில கேட்டா போஸ்ட்மாஸ்டர் அனுப்புவார்."

அவர் விசாரணையை ஒத்திவைத்து, புத்தகத்தை வரவழைக்க உத்தரவு எழுதினார்.

கல் கருப்பையாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒன்பதாம் கட்டை என்று விலாசம் போட்ட சான்றிதழை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், தகப்பன் பெயரைக் கேட்டுவிட்டு. செல்லம்மா அன்றைக்கும் அழுதாள். எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. நியமனம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

அடுத்த வருஷம் சலூன் கருப்பையாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. இப்போது அந்த அதிகாரிக்கு எங்கள் புத்தகங்களைப் பற்றித் தெரியும். விசாரணைக்கு முன்பே அவற்றைக் கேட்டு உத்தரவு அனுப்பிவிட்டார். போஸ்ட்மாஸ்டர் என்னிடம் கட்டி அனுப்பச் சொன்னார். கட்டுவதற்கு முன் புரட்டிப் பார்த்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் சலூன் கருப்பையா நோயில் கிடந்த தாயைப் பார்க்க இந்தியா போயிருந்தார். தாய் செத்து, காரியம் முடித்துத் திரும்பினார். ஒரு வருஷத்துக்குள் வந்துவிட்டேன் என்று மனுவில் எழுதியிருந்தார். அவர் அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் கொழும்புக் கடை ஒன்று அவருக்கு அனுப்பிய பதிவுப் பார்சல் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் திரும்பிப் போயிருந்தது. 'இந்தியா சென்றுவிட்டார்.' 'இந்தியாவிலிருந்து திரும்பவில்லை.' இரண்டும் என் கையெழுத்து. இரண்டு வரிகளுக்கும் நடுவே பதின்மூன்று மாதம்.

போஸ்ட்மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். மைக்கூடு திறந்திருந்தது. ஒரு மைச்சொட்டு தவறி விழுந்தால் போதும், இரண்டாவது வரி தேதியோடு மறைந்துவிடும். எனக்காக மலை ஏறி ஓடிய மனுஷன் அவர். பேனாவை மையில் தோய்த்தேன். தோய்த்த பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் கல் கருப்பையாவின் கைநாட்டு இருந்தது. இந்தப் பக்கத்தில் கை வைத்தது தெரிந்தால் அந்தப் பக்கத்தையும் நம்பமாட்டார்கள். கொடுத்த சான்றிதழையும் திருப்பிக் கேட்பார்கள். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டினேன்.

அன்றைக்கே சலூனுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது விதிப்படி குற்றம். அவர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். மழித்து முடித்து, கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"பதிமூணு மாசமா ஆச்சி? அம்மாவுக்கு முடியாமக் கெடந்தப்ப நாளு எங்க தெரிஞ்சிச்சி." கத்தியைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துவிட்டு, "நீங்க பொய்யா எழுதல தம்பி. வேல செஞ்சிருக்கீங்க" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மனு தள்ளுபடியானது. அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் அங்கேயே முடி வெட்டிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் நடுவில், இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பங்கு பிரித்துப் பேசி முடித்த பிறகு, இந்தியாவுக்கு முந்திக் கிளம்பியவர்களில் அவரும் ஒருவர். போவதற்கு முந்திய நாள் கந்தோருக்கு வந்தார். நான் அப்போது நடை வேலையை விட்டு உள்ளே மேசை வேலைக்கு வந்துவிட்டேன். விலாச மாற்றப் படிவத்தை எடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், பழைய விலாசம் எல்லாம் எழுதினேன்.

"புது விலாசம் என்னண்ணே?"

"அக்கரையில மண்டபம் கேம்பு வரைக்கும் சொல்லியிருக்காங்க. அதுக்கு அப்பால தெரியல. அம்மா இருந்த வீட்டுல இப்ப வேற ஆளுங்க."

"ஏதாவது எழுதணுமேண்ணே."

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத மனுஷன், அந்த வெற்றுக் கோட்டின் மேல் விரலை வைத்து நீளமாக ஒரு தரம் இழுத்தார்.

"எடத்த விட்டு வைங்க தம்பி. நா போயிப் பாத்துட்டுச் சொல்றேன்."

விதிப்படி அந்தப் படிவத்தை நான் ஏற்றிருக்கக் கூடாது. வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தேன். நான் மாற்றலாகிப் போகும் வரை ஒவ்வொரு இந்தியத் தபாலிலும் அவர் பெயரைத் தேடினேன்.